ஹெட்டை மட்டும் அனுப்பாதீர்கள்

கார் எஞ்சின் இறக்கிப் பூட்டும் மெக்கானிக் அண்ணன் தம்பிகளுக்கு,

"கேஸ்கட் சரியில்லை" என்ற பேச்சை நீங்கள் விட்டுவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். நான் ரீபோர், ஃபேசிங் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்காரன். நீங்கள் பிரிக்கும் எஞ்சினில் பாதிதான் என் மேசைக்கு வருகிறது. மறுபாதி உங்கள் ஷெட்டில், காருக்குள்ளேயே கிடக்கிறது. ஹெட்டைச் சாக்கில் சுற்றி, எக்ஸெல் வண்டியில் ஒரு பையனிடம் கொடுத்தனுப்புகிறீர்கள். "ஃபேசிங் போட்டு வைங்க, சாயங்காலம் ஆள் வரும்" என்று போன் வருகிறது. பிளாக் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பிளாக் நல்லாத்தான் இருக்கு" என்கிறீர்கள். அளந்தீர்களா என்று கேட்டால் போனில் சத்தம் இல்லை.

கொஞ்ச நாளில் அதே ஹெட் திரும்பி வருகிறது. தண்ணீர் குறைகிறது, அல்லது ஓரத்தில் ஆயில் கசிகிறது, அல்லது ரேடியேட்டரில் குமிழி வருகிறது. கேஸ்கட் டூப்ளிகேட் என்று நீங்கள் கடைக்காரரைத் திட்டுகிறீர்கள். கடைக்காரர் கம்பெனியைத் திட்டுகிறார். வண்டிக்காரர் எல்லோரையும் சேர்த்துத் திட்டுகிறார். போலிச் சரக்கு சந்தையில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வரும் ஹெட்டோடு எரிந்துபோன பழைய கேஸ்கட்டையும் கொண்டுவரச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நெருப்பு வளையத்தில் எந்த இடத்தில் கரி கடந்து போயிருக்கிறதோ, அதே இடத்தில்தான் ஹெட்டிலோ பிளாக்கிலோ பள்ளம் இருக்கும். இரண்டு முகமும் ஒன்றை ஒன்று சரியாகத் தொடாத இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஸ்கட்டும் நிற்காது.

அந்த கேஸ்கட் என்ன பாடுபடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெடிப்பின் அழுத்தம். டீசல் எஞ்சினில் அது 100 பாரைத் தாண்டும். விரற்கடை தூரத்தில் ஆயில், அதற்குப் பக்கத்தில் தண்ணீர். மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்துவைக்க வேண்டும். அதோடு, இன்றைய கார்களில் பெரும்பாலும் ஹெட் அலுமினியம். பிளாக் பல வண்டிகளில் இன்னும் வார்ப்பிரும்புதான். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நாலு சிலிண்டர் ஹெட் ஒன்று காலைக் குளிர்ச்சியிலிருந்து ஓடும் சூட்டுக்குப் போகும்போது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஹெட் அந்த கேஸ்கட்டின் மேல் இப்படி இழுபட்டுத் திரும்புகிறது. இவ்வளவையும் தாங்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் தடிமன் உள்ள ஒரு தகடு.

உங்களில் மூத்தவர்கள் அம்பாசிடரிலும் பத்மினியிலும் கை பழகியவர்கள். அந்தக் காலத்து கேஸ்கட் செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்தது. மெத்தென்று இருக்கும், அமுங்கும். முகத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் அதை நிரப்பிக்கொள்ளும். அம்பாசிடரின் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிளாக்கும் வார்ப்பிரும்பு. இரண்டும் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். அந்த எஞ்சினில் எமரி தாளால் தேய்த்துவிட்டு, கிரீஸ் தடவிப் பூட்டினாலும் வண்டி ஓடியது. ஓடியதால் அது சரியான முறை என்று கை நம்பிவிட்டது. அந்தக் கைப்பழக்கத்தைத்தான் உங்களிடமிருந்து தம்பிகள் படித்தார்கள். அவர்கள் இன்று அதே எமரியோடு காமன் ரயில் டீசலில் இறங்குகிறார்கள். அங்கே இருப்பது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட், நாம் எம்.எல்.எஸ். என்று கேட்டு வாங்குவது. அது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் தகடு. பள்ளத்தை நிரப்பும் சதை அதில் கிடையாது. மேலே பூசிய மெல்லிய ரப்பர் பூச்சு மட்டும்தான் சின்னச் சின்னக் கீறலைச் சமாளிக்கும்.

ஆகவே கேஸ்கட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முகத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள். கிராஃபைட், காம்போசிட் வகை கேஸ்கட்டுக்கு முகம் கொஞ்சம் சொரசொரப்பாக, ஆர்.ஏ. அளவில் ஒன்றரை முதல் இரண்டரை மைக்ரான் வரை இருந்தால் நல்லது. அப்போதுதான் கேஸ்கட் பிடித்து நிற்கும். எம்.எல்.எஸ். பெரும்பாலும் ஒரு மைக்ரான் பக்கத்தில், அல்லது அதற்கும் கீழே கேட்கும். இந்த முகத்துக்கு அந்த கேஸ்கட்டைப் போட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். என் மெஷினில் கட்டரின் வேகத்தையும், மேசை நகரும் வேகத்தையும் மாற்றி இரண்டு வகை முகமும் என்னால் கொடுக்க முடியும். எந்த கேஸ்கட் போடப் போகிறீர்கள் என்று நீங்கள் சொன்னால்தான் கொடுக்க முடியும். ஹெட்டோடு கேஸ்கட்டையும் அனுப்புகிறவர்கள் உங்களில் மிகச் சிலர். அவர்களுடைய ஹெட் திரும்பி வருவது அபூர்வம்.

லேத்காரரையும் விடாதீர்கள். எவ்வளவு வெட்டினீர்கள், முகம் எந்த அளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். அது நானாக இருந்தாலும் சரி.

இனி, எனக்கு ஆற்றாமையாக இருக்கும் ஒரு விஷயம். கிரைண்டரில் சுருணை டிஸ்க் மாட்டி பழைய கேஸ்கட்டைச் சுரண்டும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. ஐந்து நிமிடத்தில் பிளாக் முகம் பளபளவென்று ஆகிவிடும். வண்டிக்காரர் பார்த்தால் சுத்தமான வேலை என்றுதான் நினைப்பார். அண்மையில் ஒரு நாலு சிலிண்டர் பிளாக் முழுதாக என்னிடம் வந்தது. முகம் கண்ணாடிபோல இருந்தது. ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கில் வைத்தேன், தப்பில்லை. குறுக்கே, இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருக்கும் அந்தக் குறுகலான பாலத்தின் மேல் வைத்தபோது 0.10 மி.மீ. ஃபீலர் தகடு தடையில்லாமல் அடியில் போய்விட்டது. பல எஞ்சின்களில் மொத்த முகத்துக்கே 0.05 மி.மீ.தான் அனுமதி. மாருதி 800க்கும் அவ்வளவுதான். அந்தப் பாலம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்த பழைய கேஸ்கட் துண்டு அங்கேதான் இருந்திருக்கும், டிஸ்க் அங்கேதான் அதிக நேரம் நின்றிருக்கும். கேஸ்கட்டுக்கு அதிக சூடும் அதிக அழுத்தமும் வரும் இடமும் அதுவே. பார்வைக்கு எதுவும் தெரியவில்லை. விரலால் தடவினாலும் தெரியவில்லை. ஃபீலர் தகடு மட்டும்தான் காட்டியது.

அந்த டிஸ்க்கிலிருந்து உதிரும் தூளையும் நினையுங்கள். அது அலுமினியம் ஆக்சைடு, சாணைக்கல்லின் சரக்கு. ஆயில் துவாரம் வழியாக உள்ளே போனால் பேரிங்கைத் தின்றுவிடும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களுக்கே, இந்த டிஸ்க்கால் எஞ்சின் முகத்தைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று சர்வீஸ் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. புது பேரிங் போட்டுப் பூட்டிய எஞ்சின் சில ஆயிரம் கிலோமீட்டரில் தட்ட ஆரம்பித்தால் பேரிங் கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன் இதை யோசியுங்கள். பிளாஸ்டிக் சுரண்டி, கேஸ்கட் கரைக்கும் ஸ்பிரே, பொறுமை, இந்த மூன்றும் போதும். சிலிண்டருக்குள்ளும் ஆயில் துவாரங்களிலும் துணி அடைத்துக்கொண்டு செய்யுங்கள். பழைய அம்பாசிடர் எஞ்சினாக இருந்தால் சுரண்டும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூள் உங்கள் நுரையீரலுக்குள் போகக் கூடாது. மூச்சு வாங்கும் பல மூத்த மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும்.

ரீபோர் முடித்த பிளாக்குக்கு கேஸ்கட் வாங்கும்போது துவாரத்தின் அளவைப் பாருங்கள். மாருதி 800 சிலிண்டர் 68.5 மி.மீ. 0.50 ஓவர்சைஸ் போட்டால் 69. நெருப்பு வளையத்தின் உள்விட்டம் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வளையம் சிலிண்டருக்குள் ஒரு மயிரிழை எட்டிப் பார்த்தாலும் அந்த ஓரம் பழுத்துச் சிவக்கும். பிளக் பொறி கொடுக்கும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். வண்டி மேட்டில் ஏறும்போது கடகடவென்று சத்தம் வருகிறது என்று டைமிங்கைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். புது கேஸ்கட்டைப் பிளாக்கின் மேல் வைத்து, ஒவ்வொரு துவாரமாகக் குனிந்து பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

அப்படிப் பார்க்கும்போது இன்னொன்று கண்ணில் படும். பிளாக்கில் பெரிய தண்ணீர் துவாரம் இருக்கும், கேஸ்கட்டில் அதே இடத்தில் சின்னப் பொட்டுத் துவாரம் இருக்கும். தப்பாகக் குத்திவிட்டான் என்று பஞ்ச் கருவியை வைத்து அதைப் பெரிதாக்கிய கேஸ்கட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் பம்ப் பக்கத்திலேயே மேலே ஏறிவிடாமல், கடைசி சிலிண்டர் வரை போய்க் குளிர்வித்து வருவதற்காக வேண்டுமென்றே சின்னதாக வைத்த துவாரம் அது. அதைப் பெரிதாக்கினால் கடைசி சிலிண்டர் காயும். பழையபடி கேஸ்கட் மேல் பழி விழும். ஆயில் ஏறும் துவாரமும் அப்படியே. கேஸ்கட்டைத் தலைகீழாகவோ பின்முன்னாகவோ வைத்து அதை மூடிவிட்டால், மேலே ராக்கரும் கேமும் ஆயில் இல்லாமல் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.

டீசலில் தடிமன் கணக்கு ஒன்று இருக்கிறது. பல டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக் முகத்தைத் தாண்டிக் கொஞ்சம் துருத்தும். எவ்வளவு துருத்துகிறதோ அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட் வாங்க வேண்டும். அதற்காகத்தான் ஒரே எஞ்சினுக்கு இரண்டு மூன்று தடிமனில் விற்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் வெட்டும் துளையும் அந்தத் தடிமனுக்கான அடையாளம். பழைய கேஸ்கட்டைக் கடைக்கு எடுத்துப்போய் அதே வெட்டு உள்ளதை வாங்கி வருகிறீர்கள். எதையும் மாற்றாத எஞ்சினுக்கு அது சரி. புது பிஸ்டன், புது ராடு போட்ட எஞ்சினுக்கும், பிளாக் முகம் வெட்டிய எஞ்சினுக்கும் அது செல்லாது. டயல் கேஜை வைத்து ஒவ்வொரு பிஸ்டனையும் அளக்க வேண்டும். பிஸ்டன் ஆடும் என்பதால் கட்ஜன் பின் இருக்கும் நேர்க்கோட்டில் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். மெல்லிசாகப் போட்டால் பிஸ்டன் வால்வையோ ஹெட்டையோ தொடும். தடிப்பாகப் போட்டால் கம்ப்ரஷன் இறங்கி, மார்கழிக் காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பார் வண்டிக்காரர். ஹெட்டை அதிகம் வெட்டிவிட்டோம் என்று இரண்டு கேஸ்கட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டுகிறவர்களும் உண்டு. அது எந்த எஞ்சினிலும் வைத்தியம் ஆகாது.

வளைந்த ஹெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் இல்லாமல் ஓடி, வெந்து வளைந்த அலுமினிய ஹெட்டை அடியில் வெட்டினால் அடிமுகம் நேராகிவிடும். மேலே கேம் உட்காரும் வரிசை வளைந்தபடியே இருக்கும். கேம் ஹெட்டிலேயே இருக்கும் எஞ்சினாக இருந்தால், எனக்கு அனுப்பும் முன் வால்வுகளைக் கழற்றிவிட்டு, கேமை மட்டும் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகினால் என்னிடம் சொல்லுங்கள். முதலில் நிமிர்த்த வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் நான் கேட்டதை வெட்டிக் கொடுத்துவிடுவேன், நீங்களும் பூட்டிவிடுவீர்கள், கேம் முறிவது வண்டிக்காரர் வழிப்பயணத்தில் இருக்கும்போதாகத்தான் இருக்கும்.

கடலோரத்து வண்டிகளின் ஹெட்டில் வேறொரு கோரம். உப்பேறிய போர் தண்ணீரையே ரேடியேட்டருக்கு ஊற்றி ஊற்றி, தண்ணீர் துவாரத்தைச் சுற்றி அலுமினியம் கரையான் அரித்த மாதிரி ஆகியிருக்கும். அரிப்பு நெருப்பு வளையம் வரை வந்துவிட்டால் வெல்டிங் வைத்து நிரப்பித்தான் வெட்ட வேண்டும். கூலன்ட் ஊற்றச் சொல்லி வண்டிக்காரரிடம் நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொல்ல முடியாது, அவர் முகத்தையே நான் பார்ப்பதில்லை.

போல்ட்டுக்கு வருகிறேன். இழுபட்டு நீளும் வகை போல்ட், முதலில் டார்க்கும் பிறகு டிகிரிக் கணக்கும் சொல்லப்பட்ட போல்ட், ஒருமுறை இழுபட்டதை மறுபடி போடுவது சூதாட்டம். நீளத்தை அளந்து பாருங்கள். கம்பெனி சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால், அல்லது மறுபடி போடவே கூடாது என்று சொல்லியிருந்தால், புதிது வாங்குங்கள். மரை சுத்தமாக இருக்க வேண்டும். நாம் டார்க் ரெஞ்சில் கொடுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு போல்ட்டின் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடுகிறது. ஒரு பங்குதான் ஹெட்டை அழுத்துகிறது. மரையில் துருவும் மண்ணும் இருந்தால் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், ஹெட் அழுந்தியிருக்காது. போல்ட் துவாரத்தில் ஆயில் தேங்கியிருந்தால் அதைவிட மோசம். அடி மூடிய துவாரத்தில் ஆயிலை நிரப்பி போல்ட்டை முறுக்கினால், அது ஹைட்ராலிக் ஜாக்காக மாறிப் பிளாக்கையே பிளந்துவிடும். அப்படிப் பிளந்த ஒரு டீசல் பிளாக் என் பட்டறை வாசலில் கிடக்கிறது. போல்ட் துவாரத்திலிருந்து தண்ணீர்ப் பாதை வரை தலைமுடி கனத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். காற்று பிடித்து ஊதி எடுத்திருந்தால் அந்த பிளாக் பிழைத்திருக்கும்.

ஆயில் கசிவுக்கு வருவோம். உங்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தத்தில் பாதி இதில்தான். எஞ்சின் வேலை முடிந்து வீட்டுக்குப் போன வண்டிக்கு அடியில், மறுநாள் காலை சிமென்ட் தரையில் ஒரு கருப்புப் பொட்டு. வண்டிக்காரர் போன் செய்கிறார். "புது எஞ்சின், கொஞ்சம் ஓடினால் செட் ஆகிடும்" என்கிறீர்கள். ஆகாது. பிறகு முன் சீலை மாற்றுகிறீர்கள். பிறகு சேம்பர் பேக்கிங். பிறகு கியர்பாக்ஸை இறக்கிப் பின் சீல். ஒவ்வொன்றையும் மாற்றும்போது மேலே ஒரு கை அனபாண்ட் பசை.

பசையை மூன்று மில்லிமீட்டர் கோடாக, காய்ந்த சுத்தமான முகத்தில் போட வேண்டும். நீங்கள் போடுவது கைவிரல் கனம். இறுக்கும்போது வெளியே பிதுங்குவது உங்களுக்குத் தெரிகிறது, துடைத்துவிடுகிறீர்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கி நிற்கிறதே, அதை யார் துடைப்பது? ஆயில் சூட்டில் அது துண்டு துண்டாக அறுந்து சேம்பரில் விழும். ஆயில் பம்ப்பின் வலையில் போய் ஒட்டும். ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறது என்று வந்த ஒரு வண்டியில், அந்த வலை முழுக்கச் சிவப்புச் சிலிக்கான் புழுக்கள் அடைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். கசிவை நிறுத்தப் போட்ட பசை எஞ்சினையே தின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட்டில், அதுவும் எம்.எல்.எஸ்.ஸில், பசைக்கு இடமே இல்லை. பிளாக்கும் முன் கவரும் சேரும் மூலையில் ஒரு பொட்டு வை என்று கம்பெனி சொன்னால் அந்த ஒரு பொட்டு மட்டும்தான்.

கசிவு எங்கே என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். ஆயில் மேலே கசிந்து கீழே சொட்டும், ஓடும் காற்றில் பின்னால் போகும். சொட்டுகிற இடம் அநேகமாகக் கசிகிற இடமாக இருக்காது. டேப்பட் கவரின் பின் மூலையில் கசிந்த ஆயில், பெல் ஹவுசிங் வழியாக இறங்கிப் பின் சீல் போய்விட்டது என்று பொய்ச் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியை நம்பி கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உங்களில் எத்தனை பேர்! மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காய வைத்து, சந்தேகப்படும் இடமெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். வெள்ளையின் மேல் ஆயில் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டின் உச்சிக்குப் போங்கள். அங்கே சின்ன ஆயில் பிரஷர் ஸ்விட்சோ டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ ரிங்கோ உட்கார்ந்திருப்பது அதிசயம் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை பலமாகத் தள்ளுகிறதா? ரிங் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹோனிங் கோடு சரியாக விழவில்லை, அல்லது பி.சி.வி. வால்வும் அதன் குழாயும் கரி பிடித்து அடைத்திருக்கிறது. எஞ்சின் வயிற்றுக்குள் காற்று சேர்ந்தால் அது எங்காவது வெளியேறத்தான் பார்க்கும். புது சீல் போட்டாலும் அதையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிற மரைதான் இருக்கிறது. அந்த எஞ்சினில் மூச்சுக்குழாய் அடைத்தால் மரையால் ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் ஒழுகியே தீரும். அம்பாசிடர் என்றால் ஒழுகும் என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சில் பாதி, யாரும் சுத்தம் செய்யாத மூச்சுக்குழாயால் வந்தது.

சேம்பர் ஒழுகினால் போல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இழுக்கிறீர்கள். தகடு சேம்பரில் போல்ட் துவாரத்தைச் சுற்றி உலோகம் மேலே குமிழ்ந்துவிடும். போல்ட் இருக்கும் இடம் மட்டும் தொடும், நடுவில் இடைவெளி விழும். இறுக்க இறுக்க அதிகம் ஒழுகும். கழற்றி, தட்டையான கட்டையின் மேல் வைத்துக் குமிழைத் தட்டிச் சமன் செய்யுங்கள். சின்ன டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அந்த அளவு நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாக இருக்கும்.

சீலைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள், அளவான வளையம் வைத்து இறக்குங்கள். கிராங்கில் பழைய சீல் உதடு தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், புது சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள், அல்லது மெல்லிய சிலீவ் போடுங்கள். ரப்பர் உதட்டுக்கு ஆயில் தடவ வேண்டும். டெஃப்லான் உதடு உள்ள சீலுக்கு ஆயில் தடவவே கூடாது, காய்ந்த கிராங்கில்தான் போட வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி போட்டுவிட்டு சீல் மட்டம் என்கிறோம்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. முகூர்த்த நாள் நெருங்கும்போது டாக்ஸிக்காரர் தலைமேல் நிற்பார். வெளியே ஒருவர் ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்லியிருப்பார். டார்க் ரெஞ்சுக்கும் டயல் கேஜுக்கும் போட்ட காசை எந்த வண்டிக்காரரும் பில்லில் ஒத்துக்கொள்ள மாட்டார். அளப்பதற்கு ஆன ஒரு மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. ஆனால் ஹெட் இரண்டாம் முறை இறங்கும்போது கூலி உங்களுக்குத்தான் இல்லை. கேஸ்கட், ஆயில், கூலன்ட் எல்லாம் உங்கள் கையிலிருந்து போகிறது. எனக்கு ஃபேசிங் காசு வந்துவிடுகிறது. அந்தக் காசு எனக்கு வேண்டாம். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அந்த ஹெட்டின் ஆயுள் குறைகிறது. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் கம்ப்ரஷன் ஏறுகிறது, டைமிங் பெல்ட் எஞ்சினில் கேம் கொஞ்சம் பின்தங்குகிறது. பல டீசல் ஹெட்டுகளை வெட்டவே கூடாது என்று கம்பெனி சொல்கிறது. மாருதி 800, அம்பாசிடர் இரண்டையும் கம்பெனிகள் 2014இல் நிறுத்திவிட்டன. வீணாக வெட்டிக் கழித்த ஹெட்டுக்குப் பதில் புதிது எங்கே தேடுவீர்கள்?

உங்கள் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் தம்பிகளையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் கிரைண்டரை எடுத்தால் அவர்களும் கிரைண்டரை எடுப்பார்கள். நீங்கள் ஃபீலர் தகட்டை எடுத்தால் அவர்களும் அதை எடுப்பார்கள்.

ஆகவே என் கோரிக்கை இது. எஞ்சின் முழுதும் இறங்கிய வேலையாக இருந்தால் ஹெட்டோடு பிளாக்கையும் அனுப்புங்கள். பிளாக் வண்டியிலேயே இருந்தால், பழைய கேஸ்கட்டைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கில் இரண்டு ஓரமும், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நடுவே ஒன்றும் வைத்து அளந்து, கிடைத்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஹெட்டில் கட்டி அனுப்புங்கள். அதிலேயே சிலிண்டர் அளவு, போடப்போகும் கேஸ்கட்டின் வகை, டீசலாக இருந்தால் பிஸ்டன் துருத்தல், போல்ட் புதுசா பழசா என்பதையும் எழுதுங்கள். நான் எவ்வளவு வெட்டினேன் என்பதை அதே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வேலை முடிந்ததும் சீட்டை வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்து அந்த எஞ்சினைத் திறக்கும் மெக்கானிக் யாராக இருந்தாலும் அவருக்கு அது வேண்டும்.

ஸ்ட்ரெயிட் எட்ஜ் இல்லாதவர்கள் என் பட்டறைக்கு வாருங்கள். ஒன்று இரவல் கொடுப்பதற்கென்றே வைத்திருக்கிறேன். வாடகை கிடையாது. கீழே போடாமல், மரப்பெட்டியிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஹெட்டுக்கு ஃபேசிங் போடும் லேத் பட்டறைக்காரன்